அவருடைய வலப்பக்கம்

பார்லரம்மாவின் வலது முழங்கைக்கு வலி குடிவந்தது கணவர் இறந்த பிறகுதான். வாடகை கொடுக்காத குடித்தனக்காரன் மாதிரி வந்து உட்கார்ந்துகொண்டு, கிளம்பச் சொன்னால் முறைத்தது. வாளியைத் தூக்கினால் வலி, சாவியைத் திருப்பினால் வலி, வாடிக்கையாளர் தலைக்கு மேலே ஹேர் டிரையரைப் பிடித்தால் உயிர் போகிற வலி. "ஊர்த் தலையெல்லாம் சரி பண்றேன், என் கையைச் சரி பண்ண ஆளில்லை" என்று சிரித்தே கொஞ்ச நாள் ஓட்டினாள். பிறகு ஒருநாள் கத்தரிக்கோல் நழுவி ஒரு பள்ளி ஆசிரியையின் காதோரத்தில் கீறிவிட்டது. அந்த அம்மாள் தங்கமானவர், ஒரு சொல் சொல்லவில்லை. ஆனால் அடுத்த மாதம் அவர் வேறு பார்லர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போவதைப் பார்லரம்மா பேருந்திலிருந்து பார்த்தாள். அதற்கப்புறம் சிரிப்பு வரவில்லை. அந்தக் கைதான் கடை. கை போனால் ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

அவள் டென்னிஸ் ஆடுகிறவள் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். நாள் முழுக்க நின்று நின்று கால் வீங்குகிறவள், மாடிப்படியைப் பார்த்தாலே பெருமூச்சு விடுகிறவள். இந்தப் பைத்தியத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தவர் கணவர். அவர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். மாநகராட்சிப் பூங்காவுக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டிக்கும் கார் நிறுத்துமிடத்துக்கும் நடுவில் ஒரு சிமெண்ட் கோர்ட் உண்டு. அங்கே குடிநீர் இயந்திரத்தைப் பழுது பார்க்கப் போனவர், ஆடுகிறவர்களை வேடிக்கை பார்த்தார், ஒரு ராக்கெட்டை இரவல் வாங்கினார், அவ்வளவுதான், ஆள் போயே போய்விட்டார். கொஞ்ச நாளில் மனைவியையும் இழுத்தார்.

"குட்டைப் பாவாடை போட்டுக்கிட்டு எல்லாம் நான் வர மாட்டேன்" என்றாள் அவள்.

"நீ போர்வையைப் போத்திக்கிட்டு வேணும்னாலும் வா. பந்தைத் திருப்பி அனுப்பினா போதும்."

அப்படித் தொடங்கியது. பார்லர் திறப்பதற்கு முன் தினமும் இருவரும் ஆடினார்கள், எதிரெதிராக, ஒற்றையர் ஆட்டம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கிடையாது. அன்று அவளுக்குப் பார்லரில் மூச்சு விட நேரமிருக்காது. அவர் கோர்ட்டில் ஆண்களோடு ஆடுவார். அவர் வேறு ஒருவரோடு ஆடி அவள் ஒரு நாளும் பார்த்ததில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் இடது கைக்காரர். வலப்பக்கம் வருகிற பந்தை அவர் உடம்புக்குக் குறுக்கே கையைக் கொண்டுவந்து புறங்கையால் அடிக்க வேண்டும். பேக்ஹேண்ட் என்பார்களே, அது. அந்தப் பக்கம் பந்து போனால் போதும், மனிதர் முனகுவார். "மறுபடியும் அங்கேயேவா?" என்று அழாக்குறையாகச் சொல்லிக்கொண்டே ஓடி, தொளதொளவென்று ஒரு பந்தை மேலே தூக்கி அனுப்புவார். இதை அவள் தானாகவே கண்டுபிடித்தாள். கண்டுபிடித்த அன்று, புது நகை வாங்கியவள் மாதிரி வீட்டுக்கு வந்தாள். ஒற்றையர் ஆட்டத்தில் பக்கத்தில் தாங்க ஆள் கிடையாது; எதிராளிக்கு எது வராதோ அதையே கொடுத்துக்கொண்டிருந்தால் போதும். அவள் கற்ற ஒரே தந்திரம் அதுதான், வருஷக்கணக்காக அதையே பிடித்துத் தொங்கினாள். பந்து தன் இடப்பக்கம் வந்தாலும், வலப்பக்கம் வந்தாலும், அவள் குறி அவருடைய வலப்பக்கம். ஆனாலும் ஒரு நாளும் ஜெயித்ததில்லை. கடைசி இரண்டு பந்தில் எப்படியோ நழுவிவிடும். "இன்னிக்குத் தப்பிச்சேன்" என்று நெற்றியைத் துடைத்துக்கொள்வார். நாளைக்கு விடமாட்டேன் என்று அவள் பார்லருக்குப் போவாள்.

ஒரு மத்தியான வேளையில், யாரோ ஒருவர் வீட்டு ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் குனிந்தவர் நிமிரவில்லை.

இடது கைக்காரர் இறந்தால் வீடு அதை லேசில் மறக்காது. குழாய்ப் பக்கத்துச் சோப்புப் பெட்டி இடப்பக்கம். தேநீர்க் கோப்பையைக் கைப்பிடி இடது பார்க்க அவளே வைத்துவிட்டு, யாருக்கு வைத்தோம் என்று நின்றாள். சமையலறை ஃப்ரிட்ஜ் ஓடி ஓய்கிறபோது ஒரு முறை உடம்பை உதறும். அவர் இருந்தவரை, போகிற போக்கில் இடக்கையால் அதைத் தட்டிவிட்டுப் போவார். இப்போது அது உதறுகிற ஒவ்வொரு தடவையும் அவள் காது தட்டுகிற சத்தத்துக்காகக் காத்திருந்தது. பார்லர் இன்னும் மோசம். சுவர் முழுக்கக் கண்ணாடி. வலக்கையில் சீப்பைப் பிடித்து அவள் நிமிர்ந்தால், கண்ணாடிக்குள் நிற்பவள் இடக்கையில் பிடித்திருந்தாள். முன்பெல்லாம் கண்ணில் படாத விஷயம். இப்போது அதைப் பார்க்காமலிருக்கத் தலையைக் குனிந்தே முடி வெட்டினாள், கழுத்தும் வலித்தது.

வீட்டில் இருக்க முடியாமல்தான் ராக்கெட்டை மறுபடி எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கணவரோடு ஆடிய ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர், "வா தங்கச்சி, நான் ஆடறேன்" என்று கூப்பிட்டார். கோர்ட்டில் எல்லோருக்கும் அவர் கியர் அண்ணன். தொப்பை முன்னால் போக அவர் பின்னால் ஓடுகிற ஆட்டம் அவருடையது. அவரிடமே அவள் தோற்றாள், தினம் தினம், வெட்கப்படும்படி தோற்றாள். காரணம் குழந்தைக்கும் தெரியும். கியர் அண்ணன் வலது கைக்காரர். எந்தப் பக்கம் கணவர் முனகினாரோ, அந்தப் பக்கம் இவருக்கு அல்வா சாப்பிடுகிற பக்கம். அவளுக்கும் தெரியும். தெரிந்தும் பந்து அங்கேயே போயிற்று. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். இவள் விஷயத்தில் சுடுகாட்டைத் தாண்டியும் வந்தது. பந்து அங்கே போய் விழும் கணத்தில், எதிர்ப்பக்கத்திலிருந்து தெளிவாக ஒரு முனகல் கேட்கும். மறுபடியும் அங்கேயேவா? அதைக் கேட்பதற்காகத்தான் அவள் அங்கே அடித்தாள் என்று நான் சொன்னால் அவள் சண்டைக்கு வருவாள். உண்மை அதுதான்.

முழங்கை அந்த நாட்களில்தான் வலிக்கத் தொடங்கியது.

பிசியோதெரபிஸ்ட் ஒரு கண்டிப்பான பெண். வலிக்கிற இடத்தை விரலால் அழுத்தி, பார்லரம்மா துள்ளியதைப் பார்த்துத் தலையாட்டினாள்.

"எப்படி அடிப்பீங்கன்னு காட்டுங்க."

பையிலிருந்த சீப்பை எடுத்து, இடப்பக்கம் வருகிற பந்தை அடித்துக் காட்டினாள்.

"பந்து உங்களைத் தாண்டற வரைக்கும் விட்டுட்டு, அப்புறம் மணிக்கட்டால நேரா தள்ளுறீங்க. மொத்த பாரமும் முழங்கையில விழுது. ஏன் அவ்வளவு லேட்டா அடிக்கிறீங்க?"

"அப்பதான் டாக்டர் நேரா போகும்."

"நேரா போய் என்ன ஆகணும்? முன்னாடியே வாங்கி, குறுக்கே அடிங்க. கைக்கும் நல்லது, ஆட்டத்துக்கும் நல்லது."

நேரே போனால்தான் பந்து அவருடைய வலப்பக்கம் போகும் என்று நினைத்துக்கொண்டே பார்லரம்மா சீப்பைப் பையில் வைத்தாள். பிசியோதெரபிஸ்ட் முழங்கைக்குச் சற்றுக் கீழே ஒரு பட்டை கட்டினாள். ஐஸைத் துண்டில் சுற்றி வைக்கச் சொன்னாள். பாதி நிரம்பிய ஷாம்பு பாட்டிலைக் கையில் பிடித்து மணிக்கட்டை மெல்ல, மிக மெல்ல இறக்கிப் பழகச் சொன்னாள். ராக்கெட்டைக் கோழிக் கழுத்து மாதிரி நெரிக்காதீர்கள் என்றாள். கடைசியில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னாள்:

"இதெல்லாம் செஞ்சும் அந்த அடியை விடலைன்னா, ராக்கெட்டை விடணும். ராக்கெட்டையும் விடலைன்னா, கத்தரிக்கோல் தானா உங்களை விட்டுரும். எதை விடறதுன்னு நீங்களே யோசிங்க."

இன்னொன்றும் சொல்லி அனுப்பினாள், அதுதான் வம்பாகிப் போனது. ஆடப் போவதற்கு முன் ஒரு ஓரமாக உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். எதிரே நிற்பவரை மனதில் நன்றாகப் பார்க்க வேண்டும். பந்தைக் குறுக்கே அடிப்பதாக நினைத்து மனதுக்குள்ளேயே கொஞ்ச நேரம் ஆட வேண்டும். உடம்பு பிறகு அதைப் பின்பற்றும்.

பார்லரம்மா சொல் தட்டாமல் பெஞ்சில் உட்கார்ந்து கண்ணை மூடினாள். கியர் அண்ணனைக் கூப்பிட்டாள், அவருடைய தொப்பையைக்கூடக் கூப்பிட்டாள். வந்தவர் அவரல்ல. வெளுத்த நீலச் சட்டையில், இடக்கையில் ராக்கெட்டைச் சுழற்றிக்கொண்டு, கால் மாற்றி நின்றவர் வேறு ஆள். அவள் பயந்து கண்ணைத் திறந்தாள். திரும்ப மூடினாள். அவர் அங்கேயே நின்றார், ஆரம்பிக்கலாமா என்று கேட்கிற முகத்தோடு. மறுநாளும் வந்தார். அதன்பின் வராத நாளில்லை. குணமாவதற்குக் கொடுத்த மருந்து செத்தவரைக் கூப்பிடுகிற மந்திரமாகிவிட்டது. அவளுக்கு அது பயமாகவும் இருந்தது, அதை விட மனமும் வரவில்லை. ஷாம்பு பாட்டிலைவிட ஒழுங்காக அதைச் செய்தாள்.

வெளியூரிலிருக்கும் மகள் தொலைபேசியில் அதட்டினாள். "அந்த ராக்கெட்டைத் தூக்கிப் போடும்மா. கை போச்சுன்னா என்ன பண்ணுவே?"

"அப்பா அங்க தனியா நின்னுக்கிட்டு என்னம்மா பண்ணுவாரு, பாவம்" என்று வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டு, "சரி, விட்டுடறேன்" என்றாள். விடவில்லை.

பார்லரில் டிரையரை இடக்கையால் பிடிக்க ஆரம்பித்திருந்தாள். கண்ணாடிக்குள் இருப்பவள் அப்போது வலக்கைக்காரி ஆனாள். அதுவும் பிடிக்கவில்லை.

ஒரு காலை, வழக்கம்போல் தோற்றுவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்து முழங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, கியர் அண்ணன் ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டே கேட்டார்.

"தங்கச்சி, தப்பா நினைக்காதே. எனக்குப் புடிச்ச பக்கமே எப்பவும் போடறியே, எதுக்கு? எனக்கே ஆட்டம் சலிச்சுப்போச்சு."

"பழக்கம்ணே. அவருக்கு பேக்ஹேண்ட் வராதில்ல? இத்தனை வருஷம் அங்கேயே போட்டுப் போட்டு கை அங்கேயே போகுது."

கியர் அண்ணன் கயிற்றை விட்டுவிட்டு நிமிர்ந்தார். "யாருக்கு பேக்ஹேண்ட் வராது?"

"அவருக்குத்தான்."

"அவருக்கா?" அவர் சிரிக்கப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "அந்தப் பக்கம் யாருமே போட மாட்டோம்மா. போட்டா பந்தைக் கண்ணால பார்க்க முடியாது. இந்தக் கோர்ட்டுல அதைத் திருப்பி எடுத்தவன் ஒருத்தன் கிடையாது."

அவள் எழுந்து, பையை மாட்டிக்கொண்டு நடந்தாள்.

அன்று முழுக்க அவளுக்குக் கோபம். ஷாம்பு போடும்போது ஒரு வாடிக்கையாளர், "அக்கா, மெதுவா, தலை என்னோடது" என்று கெஞ்ச வேண்டியதாயிற்று. இருந்தும் கெடுத்தான் செத்தும் கெடுத்தான் என்பது இதுதானா? அத்தனை முனகலும் நடிப்பா? நெற்றியைத் துடைத்துக்கொண்டதும் நடிப்பா? தொளதொளவென்று வந்த பந்துகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். எல்லாம் அவள் இடுப்பு உயரத்துக்கு, அவளுக்கு வசதியான பக்கமாக, ஓடாமல் எடுக்கிற தூரத்தில் வந்து விழுந்தவை. வராத கைக்கு அப்படி வாகாக வருமா? வீங்கின காலோடு இவள் ஓடவேண்டாம், ஆட்டமும் முடிந்துவிட வேண்டாம் என்று மனிதர் தினமும் தன் சிறந்த அடியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். ஜெயிக்கவும் விடவில்லை, விட்டிருந்தால் மறுநாள் அவள் வந்திருக்க மாட்டாள் என்று அவருக்குத் தெரியும்.

மறுநாள் கோர்ட்டில் கண்ணை மூடினாள். நீலச் சட்டை வந்தது. அவருடைய வலப்பக்கம் பந்தை அனுப்பினாள். "நடிச்சது போதும். உங்க நிஜ அடியைக் காட்டுங்க" என்றாள் மனதுக்குள்.

அவர் ஓடிப் போனார், ராக்கெட்டைத் தூக்கினார், அப்படியே நின்றார். பந்து திரும்பி வரவில்லை. எத்தனை தடவை அனுப்பினாலும் அப்படியே நின்றார், மன்னிப்புக் கேட்கிறவர் மாதிரி. அவள் பார்க்காத ஒன்றை அவள் மனம் எங்கிருந்து ஆடிக் காட்டும்? ஊரில் எல்லோரும் பார்த்த அவரை அவள் மட்டும் பார்த்ததில்லை.

கண்ணைத் திறந்து, நெட்டருகே நின்ற கியர் அண்ணனிடம் போனாள்.

"அண்ணே, அவரு எப்படி அடிப்பாருன்னு எனக்கு ஒரு தடவை அடிச்சுக் காட்டுங்க."

"நானா? இடது கையால நான் கியர் மட்டும்தான் போட்டிருக்கேன் தங்கச்சி." ஆனாலும் ராக்கெட்டை இடக்கைக்கு மாற்றிக்கொண்டார். "தோளைத் திருப்பி முதுகைக் காட்டிட்டு நிப்பாரு. எங்கே போடப் போறாருன்னு கடைசி வரைக்கும் தெரியாது. போடு."

அவள் பந்தைக் கையால் எறிந்து கொடுத்தாள். ஒன்று நெட்டில் விழுந்தது. ஒன்று தண்ணீர்த் தொட்டிப் பக்கம் பறந்தது. ஒன்றில் ராக்கெட்டே கையை விட்டுப் போயிற்று. இருவரும் சிரித்தார்கள். பிறகு அவள், "நீங்க இங்க போடுங்க, நான் அடிச்சே தர்றேன்" என்று சொல்லித் தன் இடப்பக்க மூலைக்குப் போனாள்.

வந்த பந்தை உடம்பைத் தாண்ட விட்டாள். மணிக்கட்டால் நேராகத் தள்ளினாள். முழங்கையில் கத்தி இறங்கியது. அந்த அடியைத் தான் அடிப்பது இதுவே கடைசி என்று அவளுக்குத் தெரிந்தது. பந்து நேராக அவருடைய வலப்பக்கம் போய் விழுந்தது.

கியர் அண்ணன் தோளைத் திருப்பினார். ஒரு கணம் முதுகு மட்டும் தெரிந்தது. அடி விழுந்த சத்தம் கேட்டபோது பந்து ஏற்கெனவே அவளைத் தாண்டியிருந்தது. அவள் காலியாக விட்டுவந்த வலது மூலையில், கோட்டை ஒட்டி விழுந்து வேலியில் மோதியது. அவள் ஓடவில்லை. ஓடியும் பயனில்லை.

கியர் அண்ணன் தன் இடக்கையையே பார்த்துக்கொண்டு நின்றார். "இதேதான்" என்றார் மெதுவாக. "இன்னொண்ணு அடிக்கட்டுமா?"

"போதும்ணே. ஆட்டத்தை ஆரம்பிங்க."

அவர் ராக்கெட்டை வலக்கைக்கு மாற்றிக்கொண்டு சர்வ் போட்டார். பந்து அவள் இடப்பக்கம் வந்தது. அவள் முன்னாலேயே போய் வாங்கிக் குறுக்கே அடித்தாள். கியர் அண்ணன் எதிர்பார்க்கவே இல்லை. தொப்பையைத் திருப்புவதற்குள் பந்து போய்விட்டது. அவர் "அடேயப்பா" என்றார்.

அவள் காதை நீட்டிக்கொண்டு நின்றாள். எதிர்ப்பக்கத்தில் யாரும் முனகவில்லை. முழங்கையைத் தொட்டுப் பார்த்தாள். அங்கேயும் ஒன்றுமில்லை, வலிகூட இல்லை. அதற்காகத்தான் அவள் அழுதாள்.