படத்தில் இல்லாதவர்கள்

என் மேசையில் ஒரு தடித்த பச்சை நிற அல்பம் இருக்கிறது. டென்மார்க்கின் இஷொய் நகரில் எங்கள் வீட்டுக்குக் கீழ்வீட்டில் இருந்த துருக்கியருடையது. அவருடைய மகள் தன் சகோதரர்களுக்கும் இதைப் பிரதி எடுத்துக் கொடுக்கப் போகிறாள். அதற்கு முன் என் கையெழுத்தில் உள்ள குறிப்புகளைச் சரிபார்த்துத் தரும்படி போன கிழமை கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனாள். பக்கங்களைப் புரட்ட மகிழ்ச்சியாகவே இருக்கிறது. கடைசிப் பக்கங்களில் இருக்கும் படங்களுக்கு மட்டும் குறிப்புகள் இல்லை. அதற்குக் காரணம் நான்.

நான் இங்கே தனியாக வந்தவன். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். அவர்களை அழைப்பதற்கு எழுதிய விண்ணப்பங்கள் எங்களில் ஒருவருக்கும் அசையாமல் கிடந்த காலம் அது. அமைச்சர் ஒருவர் அவற்றைச் சட்டவிரோதமாக நிறுத்தி வைத்தது பின்னாளில் தமிழர் வழக்கு என்று பெயர் பெற்று இந்த நாட்டின் அரசாங்கத்தையே கவிழ்த்தது. அப்போது எங்களுக்கு ஒன்றும் தெரியாது. தபால் பெட்டி வெறுமையாக இருக்கிறது என்பது மட்டும் தெரியும். ஊரில் சரித்திர ஆசிரியராக இருந்த நான் கோப்பன்ஹேகனில் ஒரு வைத்தியசாலைச் சமையலறையில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன்.

துருக்கியரைச் சந்தித்தது கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்த பொதுச் சலவை அறையில். உடுப்புகள் சுழன்று முடியும்வரை நான் மொழிப்பள்ளிப் பாடத்தை எழுதிக்கொண்டிருந்தேன். அவர் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். வார்ப்புத் தொழிற்சாலையில் வேலை செய்பவர். எனக்கு முன்பே பல வருடங்கள் இங்கே இருந்தவர். இருவருடைய டேனிஷும் நொண்டிதான். அவர் சொன்னதை என் பேச்சில் தருகிறேன்.

“வடிவான எழுத்து. நீ வாத்தியோ?”

“ஓம்.”

“அப்ப என்ர வீட்டுக்கு வா. வேலை இருக்கு.”

வேலை ஒரு பெட்டிக்குள் இருந்தது. துருக்கியர் முன்பு எழுதிவந்த அரபு எழுத்தில் ஒரு காணிப் பத்திரம், பட்டாளத்தில் இருந்து விடுவித்த கடதாசி, அவரை இங்கே எடுத்த வேலை ஒப்பந்தம், அவற்றின்மேல் ரப்பர் வளையம் போட்ட படக்கட்டுகள். அவருடைய அப்பா மூன்று மாத விசாவில் வந்திருந்தார். படத்தில் இருக்கும் முகங்களை அறிந்தவர் அவர் ஒருவர்தான். “என்ர பிள்ளையளுக்குத் துருக்கியில வாசிக்க ஏலாது. டேனிஷில எழுதித் தா,” என்றார் நண்பர்.

ஞாயிறு தோறும் கீழே போனேன். அப்பா துருக்கியில் சொல்லுவார், மகன் டேனிஷில் சொல்லுவார், நான் படத்தை அல்பத்தில் வைத்துக் கீழே குறிப்பு எழுதுவேன். நண்பரின் மனைவி சின்னக் கண்ணாடிக் குவளைகளில் தேநீரை நிரப்பிக்கொண்டே இருப்பா. நான் இரண்டு சட்டங்கள் போட்டேன். படத்தின் பின்பக்கத்திலோ கீழேயோ பேனை படக்கூடாது, பென்சில்தான். இரண்டாவது, ஒவ்வொரு படத்துக்கும் மூன்று கேள்விகள்: இதில் யார், எங்கே, இதில் இருக்கவேண்டிய யார் இல்லை?

மூன்றாவது கேள்வி கிழவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. கலியாணப் படம் ஒன்றைத் தூக்கிப் பிடித்து, நான் கேட்கும் முன்பே, “இல்லாதவன் என் தம்பி. பட்டாளத்தில் இருந்தான். அவனுக்கென்று விட்ட இடம் இது,” என்று இரண்டு பேருக்கு இடையில் இருந்த வெளியை விரலால் காட்டினார். அந்த வெளியை அதுவரை அவருடைய மகனும் கவனித்ததில்லை.

என்னோடு அறையில் இருந்த மன்னார்ப் பெடியனுக்கு இது பெரிய பகிடி.

“என்ன அண்ணை, இண்டைக்கும் துருக்கி வம்சமோ?”

“ஓம்.”

“உங்கட பூட்டன்ர பேர் தெரியுமோ?”

யோசித்துப் பார்த்தேன். “தெரியாது.”

“தேத்தண்ணி ஊத்தித் தந்தா நான் ஒரு பேர் சொல்லுறன். எழுதி வைக்கலாம்.”

ஒருநாள் நண்பர் என் சட்டைப் பையில் இருந்த படத்தைப் பார்த்துவிட்டார். மனைவியும் பிள்ளைகளும் ஸ்டுடியோவில் எடுத்தது. நடுவே மடிந்து வெடித்திருந்தது. “எங்கட படங்களுக்கு இவ்வளவு சட்டம் போடுறாய், உன்ர படம் கிடக்கிற கிடையைப் பார்,” என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு அவருடைய மனைவி அதைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டுக் கொண்டுவந்து என் கையில் தந்தா. துருக்கிப் பெண்கள் தலைத்துணியின் ஓரத்தில் ஊசியால் சின்னச் சின்னப் பூக்கள் பின்னுவார்கள். அந்தப் பூக்களைச் சிவப்பும் மஞ்சளுமாகப் பின்னி, சரமாக்கி, படத்தைச் சுற்றிப் போட்டிருந்தா. ஒரு கிழமை முழுவதும் இருந்து செய்த வேலை.

மாலை போட்ட படம் எங்களுக்கு என்னவென்று சொல்லத் தேவையில்லை. ஊரில் இருந்து கடிதம் வந்து பல மாதங்கள் ஆகியிருந்தன. மாலைக்குள் என் மனைவியும் பிள்ளைகளும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சரத்தைப் பிடித்து இழுத்தேன். பூக்கள் கிழிந்து வந்தன. அதை அந்தப் பெண்ணின் கையில் திணித்து, “எனக்கு வேண்டாம்,” என்று கத்திவிட்டு, படத்தோடு படியேறினேன்.

படியில் ஏறும்போதே எனக்கு விளங்கிவிட்டது, அவர்கள் கெட்டதை நினைத்துச் செய்யவில்லை என்று. இதைத்தான் நான் ஒளிக்காமல் சொல்லவேண்டும். ஒரு தளம் இறங்கிப் போய் இரண்டு வசனம் சொல்லியிருந்தால் போதும். மொழி போதாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். இறங்க வெட்கம். வெட்கம் பிறகு வீம்பாக மாறியது. நண்பர் வந்து கதவைத் தட்டினார். நான் உள்ளே இருந்துகொண்டே திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கூடுதல் வேலை கேட்டு வாங்கினேன்.

“அண்ணை, கீழ்வீட்டுக் கிழவர் வெளிக்கிடுறார் போல. காரில பெட்டி ஏத்துகினம்,” என்றான் பெடியன் ஒருநாள். நான் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். கிழவர் காரில் ஏறமுன் எங்கள் மாடியை அண்ணாந்து பார்த்தார். அடுத்து வந்த இலைதளிர் காலத்தில் அவர் தன் ஊரில் காலமானார். எழுதாமல் கிடந்த படங்கள் எழுதாமலே நின்றன. காணிப் பத்திரத்தைப் பழைய எழுத்துத் தெரிந்த யாரும் எந்த நாளிலும் வாசிக்கலாம். முகங்களை அப்படி வாசிக்க முடியாது.

செய்தி கேட்ட அன்று கீழே போனேன். நண்பர் கை தந்தார், தேநீர் தந்தார்கள். ஏன் கோபித்தேன் என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பிறகு விண்ணப்பங்கள் அசையத் தொடங்கின. என் மனைவியும் பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். சில நாட்கள் கழித்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவ கேட்டு முடித்ததும் எழுந்து காலணியைப் போட்டா.

“எங்க போறாய்?”

“இஞ்சருங்கோ, நான் உயிரோட வந்து நிக்கிறன். அந்த மனுசி பின்னின மாலையை வாங்கப் போறன். நீங்களும் வந்து சொல்ல வேண்டியதைச் சொல்லுங்கோ.”

சொன்னேன். எங்கள் ஊரில் யாருடைய படத்துக்கு மாலை போடுவார்கள் என்று விளக்கினேன். நண்பரின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு அழுதா. நண்பரோ மேசையில் அடித்துச் சிரித்தார். “பூப்பின்னலில பிழை இருக்காக்கும் எண்டு இவள் ஒரு வருசம் யோசிச்சாள்.” பிறகு சிரிப்பு அடங்கி, மெதுவாகச் சொன்னார்: “அப்பா ஒவ்வொரு ஞாயிறும் பெட்டியைத் திறந்து வைப்பார். வாத்தி வரேல்லையோ எண்டு கேப்பார்.”

அந்தச் சரம் ஒரு தேநீர் டப்பாவுக்குள் பத்திரமாக இருந்தது. கிழிந்த இடத்தில் மீண்டும் பின்னி, இரண்டு பெண்களுமாகச் சேர்ந்து அதே படத்தைச் சுற்றிப் போட்டார்கள். இன்றும் எங்கள் சுவரில்தான் இருக்கிறது. வீட்டுக்கு வரும் தமிழர்கள் ஒருமுறை திடுக்கிட்டு, என் மனைவி தேநீர் கொண்டுவருவதைக் கண்டு ஆறுதல் அடைவார்கள்.

அல்பத்தில் நான் கடைசியாக எழுதிய குறிப்பு, அந்தக் கோடையில் பல்கனியில் எடுத்த படத்தின் கீழே இருக்கிறது. இரண்டு குடும்பங்களின் பெயர்களும் உண்டு. இல்லாதவர்: அப்பா.

நேற்று நண்பருக்குத் தொலைபேசி எடுத்தேன். இப்போது அவர் மகள் வீட்டில் இருக்கிறார், காது கொஞ்சம் மந்தம். பெயரில்லாத படங்களின் கீழே, இவர்களை அறிந்தவர் மூன்று மாதம் இங்கே இருந்தார், நான் கேட்கப் போகவில்லை என்று எழுதப்போவதாகச் சொன்னேன்.

“எழுது,” என்றார். “ஆனா பென்சிலால எழுது. நீதானே சட்டம் போட்டாய்.”

பென்சிலைச் சீவி வைத்திருக்கிறேன்.