மார்ச்சில் ஒரே ஒரு பிறந்தநாள்

என் மகள் சிதம்பரத்தில் புள்ளியியல் படிக்கிறாள். சனிக்கிழமை மதியம் சேத்தியாத்தோப்பு வழியாக பஸ் பிடித்து வீட்டுக்கு வருவாள். வந்ததும் சாப்பிட்டாளோ இல்லையோ, மடிக்கணினியைத் திறந்துவிடுவாள். அதில் அவள் எழுதுவது 'ஆர்' என்கிற கணினி மொழி. ஒற்றை எழுத்தில் ஒரு மொழிக்குப் பேரா என்று முதலில் கேலி செய்தவள் நான்தான். பிறகு அவளிடமே உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டி வந்தது.

விருத்தாசலத்தில் பீங்கான் ஃபியூஸ் கட்டைகள் செய்யும் கம்பெனி ஒன்றில் எனக்கு ஆபீஸ் வேலை. சூளையிலிருந்து இறங்கும் சரக்கில் எவ்வளவு உடைசல் என்று மாதாமாதம் முதலாளிக்குக் காட்ட வேண்டும். அதற்காக நான் படும் பாட்டைப் பார்த்துவிட்டு, "இதை ஆர்ல நாலு வரில முடிச்சிடலாம்மா" என்றாள் மகள். நாலு வரி கற்றுக்கொள்ள எனக்கு நாலு மாதம் ஆனது. ஒரு காற்புள்ளி விட்டுப்போனால்கூட சிவப்பு எழுத்தில் திட்டும். ஆனாலும் முதன்முதலாக உடைசல் கணக்கு படமாக எழுந்து நின்றபோது, நானே வரைந்ததுபோல் பெருமையாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் ஒரு புதிர் போட்டாள். ஓர் அறையில் இருபத்து மூன்று பேர் இருந்தால், அதில் இரண்டு பேருக்காவது ஒரே பிறந்தநாள் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு என்றாள்.

"போடீ. வருஷத்துக்கு முந்நூத்தி அறுவத்தஞ்சு நாளு இருக்குது. இருவத்தி மூணு பேருல எப்படி?"

"நம்பலன்னா நீயே எழுதிப் பாரு."

எழுதினேன். இருபத்து மூன்று தேதிகளைக் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பதுபோல் கணினியை எடுக்கச் சொல்லி, அதையே ஆயிரக்கணக்கான முறை திரும்பச் செய்ய வைத்தேன். பாதிதான் வந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மறுபடி ஓட்டினேன். மறுபடியும் பாதி.

"நெஜ ஆளுங்கள வெச்சும் பாக்கலாம்மா" என்றாள். முதலாளியிடம் கேட்டுவிட்டு, கம்பெனி ஆட்களின் பிறந்த தேதிகளை மட்டும், பேர் இல்லாமல், அடுத்த வாரம் கொண்டுவந்தேன். மாதவாரியாகப் படம் போட்டோம். பன்னிரண்டு தூண்களும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். நிற்கவில்லை. மற்ற மாதங்களெல்லாம் தரையோடு கிடக்க, மேயும் ஜூனும் மட்டும் கோபுரம்போல் எழுந்து நின்றன.

"தேதியும் மாசமும் எடம் மாறிடுச்சா?" என்று மகள் வரிவரியாகத் தேடினாள். பிழை எதுவும் இல்லை.

திங்கட்கிழமை கம்பெனியில், பளபளப்பு ஏறுவதற்காக ஃபியூஸ் கட்டைகளை மெருகுக் கரைசலில் முக்கியெடுக்கும் அக்காவிடம் இதைச் சொன்னேன். கையை உதறிவிட்டுச் சிரித்தார்.

"இதுக்குக் கம்ப்யூட்டரு வேற வேணுமா மேடம்? ஜூன்ல ஸ்கூல் தொறந்து சேக்கறப்ப புள்ளைக்கு அஞ்சு முடிஞ்சிருக்கணும். எங்கம்மாவுக்குத் தேதி எங்க தெரியும்? பெரிய வாத்தியாரே ஒண்ணு போட்டுக்கிட்டாரு. பேக்கிங்ல இருக்காங்களே அண்ணன் தம்பி, அவங்க தேதியப் பாருங்க."

பார்த்தேன். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஒரே வருடம். ஒருவர் ஜனவரி, இன்னொருவர் ஜூன். நடுவில் ஐந்தே மாதம். இத்தனை வருடமாக அந்தத் தேதிகளை எழுதிக்கொண்டிருப்பவள் நான். ஒருநாளும் என் கண்ணில் படவில்லை.

ஒன்று மட்டும் ஆறுதல். மார்ச் மாதத் தூணில் ஒரே ஒரு ஆள்தான். அது நான். எந்த வாத்தியாரும் மார்ச் பதினாறு என்று சும்மா போடமாட்டார். கம்பெனியிலேயே நிஜமான பிறந்தநாள் எனக்குத்தான் என்று மகளிடம் பீற்றிக்கொண்டேன்.

அந்த வாரக் கடைசியில் இருவரும் என் அம்மாவைப் பார்க்கப் போனோம். திட்டக்குடியில் இறங்கி டவுன் பஸ் பிடிக்க வேண்டும். அப்பா போன பிறகும் அம்மா அந்த வீட்டை விட்டு வரவில்லை. வாசலில் உட்கார்ந்து மல்லாட்டை உடைத்து, வேர்க்கடலைப் பருப்பை முறத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். மகள் படத்தைக் காட்டிக் கதை முழுவதையும் சொன்னாள்.

"எல்லாமே டூப்பு ஆயா. அம்மா ஒருத்திதான் ஒரிஜினலு."

அம்மா நிமிரவில்லை. "அவளுதும் இல்ல" என்றாள்.

நான் சிரித்தேன். "வாத்தியாரு போட்டிருந்தா ஜூன்ல போட்டிருப்பாரும்மா. மார்ச்சுல எதுக்குப் போடப்போறாரு?"

"வாத்தியாரு போடல. ஒங்கப்பாதான் சொன்னாரு." கையிலிருந்த மல்லாட்டையை முறத்தில் வைத்தாள். "அந்தத் தேதி ஒனக்கு முன்னாடி பொறந்தவளோடது."

நான்தான் அந்த வீட்டின் மூத்த பெண். தம்பி, தங்கை கல்யாணங்களில் மூத்தவளாகத்தான் முன்னால் நின்றேன். எனக்கு முன்னால் ஒருத்தியா? நான் முதலில் கேட்டது ஒரு பைத்தியக்காரக் கேள்வி.

"அவ இப்ப எங்க?"

"தை மாசம் பேதியில போயிட்டா. அப்பத்தான் நிக்க ஆரம்பிச்சிருந்தா. அவ போயி, அந்த வருஷ ஐப்பசியில நீ பொறந்த."

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். அந்தக் குழந்தை பிறந்தது ஆஸ்பத்திரியில். நர்சம்மா தேதி சொல்லி அனுப்பியதால் அப்பா மனதில் பதிந்துவிட்டது. நான் பிறந்தது வீட்டில், அடைமழையில், ரோடு அறுந்து கிடந்த நாளில். எந்தத் தேதி என்று பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. ஸ்கூலில் சேர்க்கும்போது பெரிய வாத்தியார் பிறந்த தேதி கேட்டிருக்கிறார். அப்பா வாயில் அவளுடைய தேதிதான் வந்திருக்கிறது.

"தெரிஞ்சிதான் சொன்னாராம்மா?"

"எனக்குத் தெரியல. வூட்டுக்கு வந்து சொன்னாரு. சொல்லிட்டு ரொம்ப நேரம் அழுதாரு."

"அவ பேரு என்ன?"

அம்மா என் முகத்தையே பார்த்தாள். "ஒம்பேருதான். கொலதெய்வத்துப் பேரு, மாத்த வேணாம்னுட்டாரு."

எழுந்து போய்க் குழாயடியில் முகம் கழுவினேன். என் மார்க் ஷீட், ஆதார் கார்டு, கல்யாணப் பத்திரிகை எல்லாம் கண்முன் ஓடின. ஜாதகம் இல்லாததால் எனக்குப் பேரை வைத்துத்தான் பொருத்தம் பார்த்தார்கள். அந்தப் பேரும் அவளுக்கு வைத்ததா? எனக்கென்று என்னதான் இருந்தது? ஈர முகத்தோடு திரும்பி வந்து கத்தினேன்.

"இத்தன வருஷம் ஏம்மா சொல்லல?"

"என்னன்னு சொல்றது? நீ கேக் வெட்டறப்பல்லாம், அவளுக்கும் சேத்துன்னு நெனச்சிக்குவேன். சொல்லிட்டா அதுவும் நின்னுடுமேன்னுதான்."

அதற்குமேல் என்னால் கோபப்பட முடியவில்லை. மகள் மெதுவாக அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"ஆயா, அம்மா பொறந்தது என்ன கெழம?"

"வெள்ளிக்கெழம. தீவாளி முடிஞ்சிடுச்சி. ஐப்பசி முடியல."

சர்டிபிகேட்டில் இருந்தது அந்தக் குழந்தையின் வருடம்; அதற்கு அடுத்த வருட ஐப்பசியின் வெள்ளிக்கிழமைகளை மட்டும் பட்டியலிடச் சொல்லி ஆரில் எழுதினாள். தீபாவளிக்கு முந்தையவற்றைக் கழித்ததும் இரண்டு தேதிகள் மிஞ்சின. "இதுல ஒண்ணும்மா" என்று என்னிடம் திருப்பிக் காட்டினாள். எனக்கு அவை யாருடைய தேதிகளோ போலத்தான் இருந்தன.

அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள். "இது அவ கெழமையும் சொல்லுமா?"

மகள் மார்ச் பதினாறையும் சர்டிபிகேட் வருடத்தையும் கொடுத்தாள். புதன் என்று வந்தது.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். "பொதன்தான். ஆமா, பொதன்தான். இதுக்கு எப்படித் தெரியும்?" அப்பா போன பிறகு, அவள் பிறந்தாள் என்பதற்கு அம்மாவைத் தவிர இன்னொரு சாட்சி அன்றைக்குத்தான் கிடைத்ததுபோல் இருந்தது. என்னைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். யாருக்காக என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

சாயங்காலம் எங்களைக் கொல்லைக்குக் கூட்டிப்போய், வரப்போரத்துப் புங்கமரத்தடியைக் காட்டி, "இங்கதான் அவளப் பொதச்சோம்" என்றாள். சின்ன வயதில் அந்த மரத்தில் கயிறு கட்டி ஊஞ்சல் ஆடியிருக்கிறேன். அம்மா ஒருநாளும் தடுத்ததில்லை.

சர்டிபிகேட்டில் எதையும் மாற்றப்போவதில்லை. மார்ச்சில் இப்போதும் கேக் வெட்டுகிறோம். ஆனால் அந்த ஐப்பசியில், மகள் சொன்ன இரண்டு தேதிகளிலும் காலையில் அம்மா எனக்கு போன் செய்தாள். இரண்டு முறையும் "சாப்டியா?" என்று மட்டும் கேட்டாள்.