ரஹீம் பாய் வீட்டில் திறந்த பக்கம்

2006 நவம்பர் 11, சனிக்கிழமை, மாலை நாலேகால் மணி, விட்டு விட்டுத் தூறல். அறுபத்தேழு வயது வரை பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிறவன் நான். நீங்களும் இதை நம்ப வேண்டாம், கேட்டால் போதும்.

என் மனைவி கோமதி போய் ஒரு வருடம் ஆகப்போகிற சமயம். தெவசத்துக்கு வர முடியாத சொந்தக்காரர்கள் பார்க்கட்டும் என்று அவளுடைய அறுபத்து மூன்று படங்களை வைத்து ஒரு வெப்சைட் செய்து, கிழக்குத் தாம்பரத்தில் என் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே ஓட விட்டேன். என் திரையில் பளிச்சென்று வந்தது. திரையின் மேலே முகவரிக் கட்டத்தில் தெரிந்த நம்பரைப் பதினான்கு பேருக்குப் போனில் சொன்னேன். பதின்மூன்று பேருக்குத் திறக்கவில்லை. ஊரப்பாக்கம் ரஹீம் பாய்க்கு மட்டும் திறந்தது.

"வந்துச்சு சார். அக்கா சிரிக்கிற படம் ரொம்ப நல்லா கீது" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. பாய் தாம்பரம் மார்க்கெட்டில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். கோமதி புடவை எடுக்க அங்கேதான் போவாள். நான் குடையோடு வெளியே நிற்பேன், அவர் ஏதோ சொல்வார், உள்ளே அவள் சிரிக்கிற சத்தம் கேட்கும். என்ன சொன்னார் என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பாள். முப்பத்தொன்பது வருடத்தில் நான் சொன்ன எதற்கும் அவள் அப்படிச் சிரித்ததில்லை, நான் எடுத்த ஒரு படத்திலும் சிரிக்கவில்லை. இந்த மனுஷன் எந்தப் படத்தைப் பார்த்தார்?

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் புனேயிலிருந்து மகள் போன் செய்தாள், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். நம்பரைச் சொன்னதும் சிரித்துவிட்டாள்.

"ஐயோ அப்பா, அது நம்ம வீட்டுக்குள்ள மட்டும் செல்லுபடியாகிற நம்பர். வாசலைத் தாண்டினா வேலைக்கே ஆகாது. வெளி நம்பர் வேற, மோடத்துல அதுக்கு வழி திறந்து விடணும்."

"ரஹீம் பாய்க்கு வந்துச்சாமே?"

"வரவே வராதுப்பா. உங்க மனசு நோகக் கூடாதுன்னு சொல்லியிருப்பார்."

எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று கம்ப்யூட்டரை அணைத்து, மெயின் சுவிட்சையும் இறக்கி, வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊரப்பாக்கத்துக்கு ரயிலேறினேன், நாலேகாலுக்குப் பாய் வீட்டு வாசலில் நின்றேன்.

"இன்னா சார், நனைஞ்சுகினு வர்றீங்க?" என்று பாய் துண்டு கொடுத்தார். துடைத்துக்கொள்ளாமலே அவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அந்த நம்பரை நானே அடித்தேன். திறந்தது. என் பக்கம், என் எழுத்து. படங்களை எண்ணினேன், அறுபத்து நாலு. கடைசிப் படத்தில் கோமதி எங்கள் சமையலறைத் தரையில் அரிவாள்மனையோடு உட்கார்ந்து, படம் எடுக்கிறவரை நிமிர்ந்து பார்த்து வாய்விட்டுச் சிரிக்கிறாள்.

"இதை யார் எடுத்தது?"

"உங்க வூடு, உங்க கேமரா. என்னாண்ட கேக்கறீங்களே!"

அப்போதுதான் ஞாபகம் வந்தது. "பாய், நான் வீட்டுல கரண்ட்டையே அணைச்சுட்டு வந்திருக்கேன்."

அவர் முகம் மாறியது. "மூடிடலாமா சார்?"

"வேண்டாம்" என்றேன்.

மறுநாள் மகள் போனில் சொல்லச் சொல்ல மோடத்தில் வழி திறந்தேன். வெளி நம்பரில் பதின்மூன்று பேருக்கும் வந்தது, அறுபத்து மூன்று படங்கள்தான். பாயின் கம்ப்யூட்டர் பழைய பக்கத்தைச் சேமித்து வைத்திருக்கும் என்றாள் மகள். வாசலே தாண்டாத நம்பர் முதலில் அங்கே எப்படிப் போயிற்று, என் கம்ப்யூட்டரிலேயே இல்லாத படத்தை எங்கிருந்து சேமித்தது என்று கேட்டேன். "அப்பா, சாப்டீங்களா?" என்றாள்.

ஆவிக்கு நான் பயப்படவில்லை. வீட்டுக்குள் மட்டும் செல்கிற நம்பர் அவர் வீட்டில் சென்றதென்றால், அவள் கணக்கில் எது வீடு? அதுதான் என்னைத் தின்றது. அந்தக் கம்ப்யூட்டரையே விலைக்குக் கேட்டேன். "சும்மா எடுத்துகினு போங்க சார்" என்றார் பாய். அவள் சிரிப்பை அவரிடம் இனாமாக வாங்க எனக்கு மனம் வரவில்லை, பணத்தைக் கையில் திணித்துவிட்டு வந்தேன்.

என் வீட்டில் அது அறுபத்து மூன்றுதான் காட்டுகிறது. பாய் புதிதாக ஒன்று வாங்கிவிட்டார். அதில் வருகிறதா என்று போன வாரம் கேட்டேன். பதில் வர நேரமாயிற்று. "நான் பாக்கறதில்ல சார்" என்றார். பார்க்காதவர் ஏன் அவ்வளவு யோசித்தார்?

பழைய கம்ப்யூட்டர் பதினோராயிரம், ஏற்றி வந்த ஆட்டோ இருநூற்று எண்பது. ஆகப் பதினோராயிரத்து இருநூற்று எண்பது ரூபாய்.