சம்பளத்தில் சேராத சோறு

கைப்பிடியில் பச்சை நாடா கட்டிய அலுமினியச் சட்டி ஒன்று கிள்ளானில் என் வீட்டுச் சமையலறையில் இருக்கிறது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் டோபி என்னும் சலவைக் கடை வைத்திருந்த ஆன்டி, கடையை மூடிவிட்டுச் செராஸில் மகளோடு குடியேறியபோது எனக்குத் தந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான் வருகிறது. அவ்வளவு நல்ல மனுஷி, எப்படி அத்தனை காலம் குறைந்த சம்பளம் கொடுத்தார்?

பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்த கையோடு அவர் கடைக் கல்லாவில் உட்கார்ந்தவள் நான். வாடிக்கையாளர் சட்டைப் பையில் மறந்துவிட்ட ஒரு வெள்ளி (ரிங்கிட்) நோட்டைக்கூட உறையில் போட்டுத் திருப்பித் தருவார் ஆன்டி. மாதா கோயிலில் ஞாயிறு பூசை தவறமாட்டார். மதியமானால் கடைக்குப் பின்னால் வேலையாட்கள் எல்லோரும் சேர்ந்து சாப்பிட வேண்டும், அவர்தான் பரிமாறுவார். அந்தச் சோற்றையும் மாடியில் தங்கிய அறையையும் சம்பளத்தில் கழித்துக்கொள்வது அவர் வழக்கம். "வயிறார போடுறேன், அதுவும் சம்பளந்தானே லா?" என்பார். சத்தியமாக அப்படித்தான் நம்பினார்.

துணி தேய்த்த அண்ணன் இராமநாதபுரத்துக்காரர், முஸ்லிம். அவர் மட்டும் "வயிறு சரியில்ல ஆன்டி" என்று சொல்லி, ரொட்டியைத் தேநீரில் தொட்டுச் சாப்பிடுவார். "ஹலால் கடைக் கோழிதாம்பா, கூச்சப்படாத" என்று ஆன்டி கெஞ்சுவார். ஞாயிற்றுக்கிழமைப் பன்றிக்கறியும் அதே சட்டியில்தான் வெந்தது என்பது ஆன்டிக்கு உறைக்கவே இல்லை. அண்ணனும் வாய் திறக்கவில்லை. ஆன்டி கையெழுத்துப் போட்டால்தான் அவருடைய வேலை பெர்மிட் புதுப்பிக்கப்படும். இல்லையென்றால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். சாப்பிடாத சோற்றுக்கு மாதாமாதம் விலை கொடுத்துக்கொண்டிருந்தார் மனிதர்.

எங்கிருந்து துணிச்சல் வந்ததோ, கடைசியில் அவரே தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுத்தார். விசாரிக்க வந்த தமிழ் அதிகாரியை ஆன்டி முதல் வேலையாகச் சாப்பிட அழைத்தார்! அந்த அம்மாள் உட்காரவில்லை.

"சாப்பாடு, ரூம் எல்லாம் மினிமம் சம்பளத்துல சேராது ஆன்டி. கோர்ட்டுக்குப் போனா ஒரு ஆளுக்குப் பத்தாயிரம் வெள்ளி வரைக்கும் அபராதம்."

ஆன்டி துணி தேய்க்கும் மேசைப் பக்கம் கையைக் காட்டினார். "அந்தக் காசு அவனுக்கா போகும்?"

"அபராதம் அரசாங்கத்துக்கு. நீங்க குறைச்சது அவருக்கு." பிறகு, குரலைத் தணித்துக் கேட்டார்: "சாப்பாடு வேணாம்னு அவரு சொன்னா, அதுக்குண்டான காசைக் கையில குடுத்திருப்பீங்களா?"

பரிமாற எடுத்த கரண்டியை ஆன்டி சட்டியிலேயே வைத்துவிட்டார்.

ஏமாந்தவர் ஒருவர், அபராதம் வாங்குவது அரசாங்கமா? இது என்னை வெகுநாள் குடைந்தது. இன்று நானே ஒரு நிறுவனத்தின் சம்பளப் பிரிவில் இருக்கிறேன். குறைத்ததைத் திருப்பிக் கொடுத்தால் போதும் என்றிருந்தால், மாட்டினால் கொடுப்போம், மாட்டாவிட்டால் லாபம் என்று எந்த முதலாளியும் இருந்துவிடலாம். அந்த ஆசையின் மேல் விழுகிற அடிதான் அபராதம் என்று இப்போது நினைக்கிறேன்.

ஆன்டி வழக்குவரை விடவில்லை, எல்லோருக்கும் பாக்கியைக் கொடுத்துத் தீர்த்தார். ஆனால் அண்ணனோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். மதியச் சோறும் நின்றது. பெர்மிட் முடியும் நாள் நெருங்க நெருங்க, அண்ணன் தேய்த்த சட்டையையே மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஆன்டிமேல் கோபம் கோபமாக வந்தது.

ஒரு மதியம் ஆன்டி புதுச் சட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு அண்ணனிடம் வந்தார். கைப்பிடியில் பச்சை நாடா.

"இதுல பன்னி வேகாது. சம்பளத்துலயும் சேராது. நாளைக்கு பெர்மிட்டுக்கு மெடிக்கல் போகணும், ரெடியா இரு. இப்ப சாப்பிடுறியா?"

அண்ணன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். கண் கலங்கியிருந்தது.

"இன்னைக்கு வேணாம் ஆன்டி. ரொட்டி வாங்கிட்டேன்."

வயிற்றைச் சாக்குச் சொல்லாமல் அண்ணன் வேண்டாம் என்றது அதுவே முதல் தடவை. ஆன்டி சட்டியை மூடினார். பிறகு சிரித்தேவிட்டார். "சரி லா. நாளைக்கு."

ஆன்டி நல்லவரா, பேராசைக்காரரா என்று இன்றும் எனக்குத் தீர்மானமாகச் சொல்லத் தெரியவில்லை. முஸ்லிம் தோழிகள் வீட்டுக்கு வரும் நாளில் மட்டும் அந்தச் சட்டியை எடுக்கிறேன். நாடாவை அவிழ்த்து அடுப்பில் ஏற்றுவேன், கழுவியதும் மறுபடி கட்டிவைப்பேன். பரிமாறும்போது யாராவது "எனக்குப் போதும்" என்று தட்டை நகர்த்தினால், வற்புறுத்துவதில்லை.