மடியில் ஒரு நங்கூரம்

போன வாரம் காரைக்கால்மேட்டு மீனவர் கரையில் கண் விழித்துப் பார்க்கிறேன் — என் மடியில் ஒரு நங்கூரம்!

சிரிக்காதீர்கள். நிஜ நங்கூரம், துருப்பிடித்தது. என் இரண்டு கைகளையும் பிடித்து அதன்மேல் வைத்திருந்தார்கள்.

எனக்கு வலிப்பு உண்டு. இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிற உங்களிடம்கூட இதுவரை சொன்னதில்லை. காரைக்காலை ஆண்ட பிரெஞ்சுக்காரர்கள்கூடக் கப்பலேறிப் போய்விட்டார்கள்; இது மட்டும் போகவில்லை. ஒருமுறை நிக்காஹ் வீட்டில், ஒரே தட்டைச் சுற்றி நாலைந்து பேர் உண்ணும் சஹன் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த இடத்திலேயே விழுந்தேன். விழித்தபோது பந்தலில் பாதி காலி. “ஜின்னு புடிச்சிருக்கு” என்று யாரோ முணுமுணுத்தார்கள். அன்றிலிருந்து நான் தனியாகத் தெருவில் இறங்கியதில்லை. எங்கே போனாலும் மனைவியின் அண்ணன், என் மச்சான், துணைக்கு வருவார். டாக்டரின் மாத்திரை வலிப்பைக் குறைத்தது. பயத்தை எந்த மாத்திரை குறைக்கும்?

போன வாரம் மச்சானுக்குக் காய்ச்சல். வீம்பாக நானே பையை எடுத்துக்கொண்டு மீன் வாங்கப் போனேன். ஏலம் சூடு பிடித்த நேரம்... கண் இருட்டியதுதான் தெரியும்.

வலிப்பு வந்தவர் கையில் இரும்பைக் கொடுப்பது நம் ஊர் வழக்கமாயிற்றே! சாவிக்கொத்தைத் தேடியிருக்கிறார்கள். பூட்டே இல்லாத குடிசைகளில் சாவி ஏது? ஒருவர் அரிவாள்மணையைத் தூக்கிக்கொண்டு ஓடிவர, மீன் விற்கும் செல்லம்மா அவரை அதட்டி விரட்டிவிட்டு, தோணி நங்கூரத்தை இழுத்து வரச் சொன்னாராம். இரும்புக்கும் வலிப்புக்கும் சம்பந்தமே இல்லை என்பார் டாக்டர். எனக்கோ வாதாடத் தெம்பில்லை.

“பயப்படாதீங்க மரைக்காரே,” என்றார் செல்லம்மா. “எங்க வூட்டுக்காரருக்கும் இதே வலிப்புதான். வந்துட்டுப் போனா, ஒரு டீயக் குடிச்சிட்டு வலை பின்ன உக்காந்துடும்.”

அவ்வளவுதான்! யாரும் ஓடவில்லை. ஏலம்கூட நிற்கவில்லை — ஏலக்காரர் மட்டும் கொஞ்சம் தள்ளி நின்று கூவினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கத்தால் அல்ல, நிம்மதியால்.

வீட்டில் சொன்னபோது மனைவியும் அழுதாள். மறுநாள் காலையில் அவளே பையை நீட்டினாள்.

“மச்சான் வரலையா?” என்று கேட்டேன்.

“எதுக்கு? நீங்களே போயிட்டு வாங்க. அங்கதான் நம்ம ஆளுங்க இருக்காங்கல்ல?”

இத்தனை வருஷமாகத் தொழுகை முடிந்ததும் நான் கேட்ட துஆ ஒன்றே ஒன்றுதான் — ‘நாலு பேர் முன்னால் மட்டும் என்னை விழ வைத்துவிடாதே.’

நல்லவேளை... அல்லாஹ் அதைக் கபூல் செய்யவில்லை!