மாலை ஐந்தரைக் கையெழுத்து

என் பெட்டியில் ஒரு வருகைத்தாளின் நகல் இருக்கிறது. ஓமானில் சோஹார் சைட், ஜூலை, ஒரு திங்கட்கிழமை. ஃபோர்மேன் பெயருக்கு எதிரே காலை ஆறு மணிக்கு ஒரு கையெழுத்து, மாலை ஐந்தரைக்கு ஒன்று. இரண்டையும் அவர் காலையிலேயே, என் கண்முன் போட்டார். "சாயங்காலம் உம்ம ஆபீசுக்கு எவன் வே நடந்து வாரது?" என்பார். அது அவர் வழக்கம். நேரம் குறிப்பவனான நானும் கண்டுகொள்ளாமல் விட்டேன்.

திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஊரில் நாலு ஏக்கர் வயலும், அதன் நடுவே மனைவி நடத்தும் எண்ணெய்ச் செக்கும் அவர் பெயரில் இருந்தன. வாரிசு வரி மறுபடி வரப்போகிறது என்று அந்தக் கோடையில் கேம்ப் முழுக்க வாட்ஸப்பில் வதந்தி. அதை நீக்கிப் பல காலமாயிற்று, புதிதாக அறிவிப்பு எதுவும் இல்லை என்று எடுத்துச் சொன்னேன். "நான் செத்தாத்தான வரி? சாகலேன்னா மிச்சம்லா!" என்று சிரித்தார். ஆனால் அவருக்குச் சோறு இறங்கவில்லை. வரி கட்ட வயலைத் துண்டு போட்டு விற்றால் செக்குக்கு வண்டி வரும் பாதை போய்விடும் என்ற பயம். லீவுக்கு இரண்டு மாதம் பொறுக்க முடியாமல், மஸ்கட் போய்த் தூதரகத்தில் மைத்துனருக்குப் பவர் எழுதி அனுப்பினார், எல்லாவற்றையும் மனைவி பெயருக்குச் செட்டில்மென்ட் செய்ய.

"கொடுத்தவர் உயிரோடு இருக்கும்வரைதான் பவர்" என்றேன்.

"யல்லா, போம் வே, சோலியப் பாரும். ரெண்டு மாசத்துக்குள்ள செத்தா போயிருவேன்?"

அந்தத் திங்கட்கிழமை, வெயிலுக்காக விடும் மதிய ஓய்வில், குழாய் அடுக்கின் நிழலில் முகத்தைத் துண்டால் மூடிப் படுத்திருந்தார். மூன்றரைக்கு எல்லோரும் எழுந்தார்கள். அவர் எழவில்லை. மருத்துவர் வந்து பார்த்த நான்கு பத்தையே இறப்பு நேரமாகச் சான்றிதழில் எழுதினார்கள்.

ஒரு வாரம் கழித்து அவர் மனைவி ஃபோனில் அழைத்தார்.

"அண்ணாச்சி, அன்னைக்கு மூணே முக்காலுக்குத்தான் எங்க அண்ணன் பத்திரத்துல கையெழுத்துப் போட்டாக. அந்நேரம் இவுக உயிரோட இருந்தாகளா? பத்திரம் செல்லாதுன்னு கொழுந்தன்மார் நிக்காங்க. மாமியாருக்கு ஒரு பங்கு வந்துச்சுன்னா அத கொழுந்தன்மார் எழுதி வாங்கிக்கிடுவாங்க. பாதைய மறிச்சாச்சுன்னா செக்கு ஓடாது. அதுக்கப்புறம் இவுக போட்ட கையெழுத்து ஏதும் அங்க இருக்கா?"

இருந்தது, ஐந்தரைக்கு. உயிரோடு இல்லாத ஒருவரின் கையெழுத்து. அதைச் சொல்லாமல், சான்றிதழில் உள்ள நேரத்தை மட்டும் சொன்னேன். இப்போது கொழுந்தன்மாரின் வக்கீல், அவரைக் கடைசியாக உயிரோடு பார்த்தது எப்போது என்று எனக்கே எழுதிக் கேட்டிருக்கிறார். வருகைத்தாளை அனுப்பினால் பொய். காலையில் பார்த்தேன் என்பதோடு நிறுத்திக்கொண்டால் அந்தப் பெண்ணின் பத்திரம் ஆட்டம் காணும்.

ஊரில் மூன்றே முக்கால் என்றால் இங்கே இரண்டேகால். என் குறிப்பேட்டின்படி இரண்டு இருபதுக்கு நான் அந்த அடுக்கைக் கடந்திருக்கிறேன். அவர் தூக்கம் கலையக் கூடாதென்று மெல்ல நடந்தது நினைவிருக்கிறது. தாளை மறுபடி விரித்து வைத்திருக்கிறேன். இரண்டு கையெழுத்திலும் ஒரே பேனா, ஒரே சாய்வு. நான் கடந்தபோது அவர் முகத்தின்மேல் அந்தத் துண்டு அசைந்ததா என்பது மட்டும் இதுவரை உறுதியாகவில்லை.