துடைத்துத் தந்த ஹெட்போன்

செங்கம் சாலையில், ஆசிரமத்தைத் தாண்டிச் சற்றுத் தள்ளி, ஒரு வாடகை வீட்டின் மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. அலுவலகம் என்றால் இரண்டு அறைகள், மூன்று மேசைகள். பாட்டு கேட்பதற்கான ஒரு செயலியை உருவாக்கிக்கொண்டிருந்தோம். முதலாளி சென்னைக்காரர். மலையைப் பார்த்தபடி வேலை செய்தால் மனம் தெளிவாக இருக்கும் என்று இங்கே வந்தவர். நான் கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போனேன்.

செயலி பாதிகூட முடிந்திருக்கவில்லை. திரையில் தெரிந்த பல பொத்தான்கள் வெறும் படங்கள். அழுத்தினால் ஒன்றும் நடக்காது. அந்த நிலையிலேயே வெளியாட்களிடம் கொடுத்து, எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்ப்பது என் வேலை. ஆளை உட்காரவைத்து, போனைக் கையில் கொடுத்து, ஹெட்போனை மாட்டிவிட்டு, ஒரு பாட்டைத் தேடி எடுக்கச் சொல்ல வேண்டும். அதன்பிறகு நான் உதவக் கூடாது. அவர்கள் தவிப்பதைப் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும்.

முதல் நாள் பக்கத்து விடுதிகளில் தங்கியிருந்த மூன்று இளைஞர்கள் வந்தார்கள். ஒருவன் வெயிலில் சைக்கிள் மிதித்து, காதோரம் வியர்வை வழிய வந்தான். ஒரே ஹெட்போனை மூவரும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டார்கள். நடுவில் யாரும் அதைத் துடைக்கவில்லை. மறுநாளைக்குச் சாதாரண ஜனங்களும் வேண்டும் என்றார் முதலாளி. அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையில் டிபன் கடை வைத்திருக்கும் அக்காவை நான் கூப்பிட்டேன். வாரத்தில் இரண்டு நாளாவது அவர் கடையில்தான் சாப்பிடுவேன்.

மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு வந்தார். குளித்து, தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, பூ வைத்திருந்தார். பிடித்த பாட்டு ஒன்றைத் தேடச் சொன்னேன். பாட்டின் பெயர் அவருக்குத் தெரியவில்லை. திரையில் மைக் படம் இருப்பதைப் பார்த்து, குனிந்து, போனிடம் இரண்டு வரி பாடினார். நல்ல குரல். அந்த மைக் வெறும் படம் என்று நான் சொல்லக் கூடாது. இன்னும் கொஞ்சம் சத்தமாகப் பாடினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எனக்குத்தான் தெரியலையா பாப்பா, இல்ல இதுக்குக் காது கேக்கலையா?"

அந்த வாரம் முழுக்க எங்களுக்குக் கிடைத்ததிலேயே உருப்படியான வாக்கியம் அதுதான். எழுதிக்கொண்டேன்.

உள்ளறையில் உட்கார்ந்து கேமரா வழியாக இதைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்த முதலாளி வெளியே வந்து, சிரித்தபடி நன்றி சொன்னார். அக்கா ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தார். முதலாளி அதை இரண்டு விரலால் இடுக்கித் தூக்கினார். இன்னொரு கையை என் பக்கம் நீட்டினார். சானிடைசர் பாட்டில் என் மேசையில் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். அடித்தார், டிஷ்யூவால் துடைத்தார், மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார், முகத்தைச் சுளித்துக்கொண்டு மறுபடி அடித்தார். அக்கா இன்னும் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவே இல்லை.

"குடுங்க சார். நான் போட்டதுதான, நானே தொடச்சித் தரேன்," என்றார்.

அவர் குரலில் கோபம் இல்லை. ஹெட்போனை வாங்கி, கடையில் டம்ளர் துடைப்பதுபோல முந்தானையால் இரண்டு பக்கமும் நிதானமாகத் துடைத்து வைத்தார். வந்தவர்களுக்குக் கொடுக்கப் பரிசாக வைத்திருந்த டிபன் பாக்ஸைத் தொடவில்லை. நான் படி வரைக்கும் கூடப் போனேன். ஏதாவது சொல்லியாக வேண்டும்போல் இருந்தது. முதலாளி எல்லாருக்கும் அப்படித்தான் செய்வார் என்று சொன்னேன். சரி பாப்பா என்று இறங்கிப் போனார்.

ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று முதலாளியிடம் கேட்டேன். "எண்ணெய்ப் பிசுக்கும்மா. நாளைக்கு வேற ஆளு போடணும்ல," என்றார். அந்த மாதிரி ஆட்களுக்கு விலை கம்மியாக ஒரு ஹெட்போன் தனியாக வாங்கி வைக்கச் சொன்னார். வாங்கினேன். பஸ் ஸ்டாண்டு அருகே மொபைல் கடையில் நானே பொறுக்கி எடுத்து, பில்லும் வாங்கிக்கொண்டேன். ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் என் பின்னலைத் தொட்டுப் பார்த்தேன். காலையில் அம்மா தடவிவிட்ட எண்ணெய், விரலில் ஒட்டியது. கைக்குட்டையால் விரலை அழுத்தித் துடைத்தேன். வெறுப்பு முதலாளிமேலா, என்மேலா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அடுத்த வாரம் முதலாளியின் நண்பர் சென்னையிலிருந்து வந்து செயலியைப் பார்த்தார். அவர் ஹெட்போனைக் கழற்றியதும் நான் எழுந்துபோய் இரண்டு விரலால் தூக்கி, அவர் கண்ணெதிரே சானிடைசர் அடித்து, துடைத்து, முகர்ந்தும் பார்த்தேன். அவருக்கு வலிக்கும் என்று நினைத்திருந்தேன். அவரோ, இவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறீர்களே என்று பாராட்டிவிட்டுக் காபி கேட்டார். முதலாளிக்கு மட்டும் புரிந்தது. என் போக்கு சரியில்லை என்று சாயங்காலம் சொன்னார். அதற்கும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

அக்காவின் கடைப் பக்கம் ஒரு மாதம் போகவில்லை. ஒரு பௌர்ணமிக்கு மறுநாள், கூட்டம் வடிந்தபின் போனேன். வழக்கம்போல இலையைப் போட்டு இட்லி வைத்தார், சட்னி ஊற்றினார். அந்தப் பாட்டு வேலை முடிந்ததா என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன். சட்னிக் கிண்ணத்தை மூடிவிட்டு அவரே ஆரம்பித்தார்.

"அவரு தொடச்சது கூடப் பெருசில்ல. அந்த மாதிரி ஆளுங்கள நெறைய பாத்துட்டேன். எல்லார்க்கும் அப்படித்தான்னு நீ சொன்ன பாரு, அதான் வீட்டுக்குப் போயும் ஆறல."

இன்னொரு இட்லி வைக்கட்டுமா என்று கேட்டார். வைத்ததைச் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகும் அந்த மாடியில் நான்கு மாதம் வேலை பார்த்தேன். வேறு வேலை கிடைத்த பிறகுதான் விட்டேன். போகும்போது முதலாளிக்கு நன்றி சொல்லி ஒரு மெயிலும் அனுப்பினேன். நல்லபடியாகத்தான் எழுதியிருந்தேன்.